முல்லைத்தீவுக் கரையில் நின்று போர்க்கப்பலைக் கீறினால் ஏன் பொம்மைபோல வருகிறது?

உங்கள் படத்தில் கப்பலைச் சரியாகத்தான் கீறியிருக்கிறீர்கள். பிழை அடிவானக் கோட்டில். மணலில் நின்று பார்த்ததாகச் சொல்கிறீர்கள், படமோ பனை உச்சியில் இருந்து பார்த்ததாக இருக்கிறது.

கரையில் நிற்பவரின் கண் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2 மீற்றர் உயரத்தில் இருக்கும். அடிவானமும் கப்பலை அதே 2 மீற்றரில்தான் வெட்டும். 100 மீற்றர்க் கப்பலைப் பக்கவாட்டாக 20 செ.மீ. நீளத்தில் கீறினால் 1 செ.மீ. என்பது 5 மீற்றர். அப்படியென்றால் கப்பல் தண்ணீரைத் தொடும் கோடு அடிவானத்துக்கு 4 மி.மீ. மட்டுமே கீழே வரவேண்டும். 3 செ.மீ. இறக்கினால் கண் 15 மீற்றர் உயரத்துக்குப் போய்விடும்.

இந்தக் கணக்கு கரைக்குக் கிட்ட நிற்கும் கப்பலுக்குத்தான். தள்ளிப் போகப் போக இடைவெளி குறைந்து, சுமார் 5 கி.மீ. தூரத்தில் தண்ணீர்க் கோடு அடிவானத்தோடேயே சேர்ந்துவிடும். 12 கி.மீ. தள்ளி நிற்கும் கப்பலின் அடிப்பகுதியில் ஏறக்குறைய 4 மீற்றரைக் கடலின் வளைவு மறைத்துவிடும். அங்கே நுரை போடவே கூடாது.

டச்சு ஓவியர் மூத்த வில்லெம் வான் டி வெல்ட 17ஆம் நூற்றாண்டுக் கடற்போர்களைச் சிறு படகில் போய்ப் பார்த்துக் கீறியவர். படகில் இருப்பவருக்குக் கப்பல் வானத்தில் உயர்ந்துதான் தெரியும். உங்கள் கன்வஸிலும் வானத்துக்கு முக்கால் பங்கு கொடுங்கள்.

அடுத்தது காற்று. நங்கூரமிட்ட கப்பல் பெரும்பாலும் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றில், அணியம் (கப்பலின் முன்பக்கம்) கரையைப் பார்க்கும், கொடி கடல்பக்கம் பறக்கும், கரையோரத் தண்ணீர் அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடையில் எல்லாம் மறுபக்கம். அலை ஒரு திசை, கொடி இன்னொரு திசை என்றால் மீனவர் ஒருவர் பார்த்தவுடனே சிரிப்பார். பக்கவாட்டாகத்தான் வேண்டுமென்றால் கப்பலை ஓடவிடுங்கள், அணியத்தில் சிறிது நுரையோடு.

சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு வேண்டாம், செத்த நிறமாகிவிடும். அல்ட்ராமரைன் நீலத்தில் பேர்ன்ற் அம்பர் என்ற கடும் மண்ணிறத்தைக் கலந்து வெள்ளையால் வெளிறவையுங்கள். தூரக் கப்பலானால் வானத்துக்குக் கலந்ததிலும் கொஞ்சம் சேருங்கள். எங்கள் கிழக்குக் கரையில் விடிய வெயில் கப்பலுக்குப் பின்னால் வருவதால் அது வெறும் நிழலுருவம். பீரங்கி, ஜன்னல் எல்லாம் தெரியவேண்டுமென்றால் பின்னேர வெயிலைத் தெரிவுசெய்யுங்கள்.

அன்ரெனாக் கம்பிகள் கடைசியில். இந்த அளவில் அரை மி.மீ. கோடே 25 செ.மீ. தடிப்பான கம்பி. வான நிறத்தைவிட ஒரு படி மட்டும் இருட்டாகக் கலந்து, இழுத்த கோட்டைப் பாதியிலேயே விட்டுவிடுங்கள்.