வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது தம்பி

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அப்பா காலமாகி நாற்பது நாள் ஆகிறது. அவர் பெயரில் கேஏ-03 நம்பரில் ஒரு ஸ்கூட்டர், 2017-இல் லோனில் வாங்கியது, லோன் முடிந்துவிட்டது. தம்பி அதில்தான் ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிறான். குடும்பம் என்றால் அம்மா, நான், தம்பி, திருவண்ணாமலையில் அப்பாவைப் பெற்ற பாட்டி. தம்பி பெயருக்கு மாற்றக் கேட்டால் ஒரு புரோக்கர், "அப்பா இருக்கும்போதே வித்த மாதிரி முன்தேதி போட்டு, 29, 30 ஃபார்ம்ல அவர் கையெழுத்தை நீங்களே போட்டுடுங்க, வாரிசு அது இதுன்னு அலைய வேணாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. அது கள்ளக் கையெழுத்து. போடப்போவதும் புரோக்கர் இல்லை, நீங்கள். நாளைக்கு ஒரு விபத்து வழக்கு, குடும்பத்தில் ஒரு தகராறு என்று வந்தால் அந்த புரோக்கர் போனை எடுப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

29, 30 படிவங்கள் விற்பனைக்கானவை. உரிமையாளர் இறந்துவிட்டால் படிவம் 31. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 56-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் தந்துவிட்டால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு 3 மாதம் வரை ஓட்டலாம். அந்த 3 மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, ஆர்சி எங்கே என்று பீரோவைத் திறப்பதற்குள் பல வீடுகளில் அந்த 30 நாள் ஓடிவிடுகிறது. உங்களுக்கும் ஓடிவிட்டது. இனியும் தள்ளாமல் கடிதத்தையும் படிவத்தையும் சேர்த்தே கொடுங்கள். அதுவரை தம்பி மெட்ரோவில் போகட்டும். அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு பர்ப்பிள் லைன் நேராகவே போகிறது.

இதைவிட எனக்குக் கவலை இன்சூரன்ஸ். உரிமையாளர் இறந்ததும் பாலிசி உடனே செத்துவிடாது. 3 மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, எது முந்தியோ அதுவரை நிற்கும். அதற்குள் இறப்புச் சான்றிதழோடு கம்பெனிக்கு எழுதி, பாலிசியை வாரிசு பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். அப்பா பெயரிலேயே ஆன்லைனில் புதுப்பித்துக்கொண்டு போகும் குடும்பங்கள் நிறைய. பிரீமியத்தை வாங்கிக்கொள்ளும் கம்பெனி, க்ளைம் என்று போனால்தான் இறந்த தேதியைப் பார்க்கும். ஒரு நல்ல செய்தியும் உண்டு: அப்பா சேர்த்துவைத்த நோ க்ளைம் போனஸ் (க்ளைம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி), வண்டி மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ போனால் கூடவே போகும். ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள்.

இனி காகிதங்கள். ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், தம்பியின் ஆதார், சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு. வாரிசுகள் யார் யார் என்பதற்கு நாடகச்சேரியில் (கர்நாடக அரசின் வருவாய்த்துறை அலுவலகம்) வம்சவிருட்சச் சான்றிதழ் வாங்குங்கள். 'தம்பி பெயருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை' என்று மற்ற வாரிசுகள் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும்.

இங்கேதான் பலர் பாட்டியை விட்டுவிடுகிறார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் தாயும் மனைவி, மக்களோடு சம வாரிசு. அம்மாவும் நீங்களும் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. திருவண்ணாமலைக்கு ஒரு நடை போய், அங்கேயே ஒரு நோட்டரி முன் பாட்டியின் கைநாட்டையோ கையெழுத்தையோ வாங்கிவிடுங்கள்.

லோன் முடிந்தது என்கிறீர்கள், ஆனால் ஆர்சியில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அது தானாக அழியாது. கம்பெனியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் கொடுத்து எடுக்க வேண்டும். 2017 வண்டி என்பதால் எச்எஸ்ஆர்பி எனும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டியாயிற்றா என்பதையும், அப்பா பெயரில் டிராஃபிக் ஃபைன் பாக்கி உண்டா என்பதையும் முன்னாலேயே பார்த்து முடித்துவிடுங்கள்; கவுன்டரில் திருப்பி அனுப்ப இவையே போதும். ஸ்கூட்டருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்குத் தனியாக 200. புரோக்கர் கேட்ட தொகையை இதோடு வைத்துப் பாருங்கள்.

புது ஆர்சி வந்ததும் தம்பியை அதில் ஒரு நாமினி பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 முதல் அந்த வசதி இருக்கிறது.