வளையல் முழங்கை வரை ஏறுகிறது

கேள்வி: என் மாமிக்கு 69 வயது. ஆயுசு முழுக்க ரப்பர் விறகும் கதம்பையும் (தேங்காய் மட்டை) எரித்துச் சமைத்தவர், பீடி தொட்டதில்லை. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்) என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்தில் எடை 50 கிலோவிலிருந்து 42-க்கு வந்துவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. பாலும் முட்டையும் சளி கட்டும் என்று கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிடுகிறார். புரத மாவு டப்பா வாங்கலாமா, டாக்டர்?
– மருமகள், களியக்காவிளை

பதில்: டப்பா அப்புறம். எட்டு கிலோ போனதை நுரையீரல் மேலேயே போட்டுவிட முடியாது. சளியில் காசநோய் இருக்கிறதா, சர்க்கரை, தைராய்டு எப்படி என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நமக்கு மூச்சு விடுவது ஒரு வேலையே இல்லை. மாமிக்கு அது நாள் முழுக்கச் சுமை தூக்குகிற மாதிரி. செலவு கூடுகிறது, சாப்பிட உட்கார்ந்தாலே மூச்சு வாங்குவதால் வரவு குறைகிறது. மூச்சுக்குப் பயந்து நடமாட்டமும் குறைந்தால் தொடைத் தசை கரையும். ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி போட்டால் இன்னும் வேகமாக.

பால் சளியை உண்டாக்காது. எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழப்பதால் அப்படித் தோன்றும். இதை என் அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கே இரண்டு வருஷம் ஆயிற்று.

இந்த வயதில், இந்த நோயில், உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். மாமிக்கு 50 முதல் 63 கிராம். இரண்டு முட்டையில் 12, முள் நீக்கிய சாளை மீன் 100 கிராமில் 20, கஞ்சிக்கு 50 கிராம் சிறுபயற்றில் 12, இரண்டு டம்ளர் பாலில் இன்னொரு 12. வந்துவிட்டதா? ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு முட்டினால், நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்க இடமிருக்காது.

தின்றால் மட்டும் தசை வராது. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடை பலவீனம். அதையே தினமும் இரண்டு வேளை பயிற்சியாக்குங்கள். எழும்போது மூச்சை வெளியே விடட்டும்.

குளிக்க வெந்நீருக்கு இன்னும் கதம்பைதான் எரிக்கிறீர்களா? நிறுத்துங்கள்.

மாவு டப்பா, மீன் கிடைக்காத நாளுக்கு இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மேலே சொன்ன புரதக் கணக்கையே உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.