பூட்டிய அறையை நம்ப வேண்டாம்

கேள்வி: கொக்குவிலில் அம்மாவின் நாற்சார் வீட்டில் இருக்கிறோம். ஓட்டுக் கூரையைப் பிரித்து வீட்டைத் திருத்த ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா காசு அனுப்புகிறார். ஐப்பசியில் தொடங்கி ஆறேழு மாதத்தில் முடித்துத் தருவேன் என்கிறார் மேசன். அதுவரை இருக்கப் பக்கத்துத் திருநெல்வேலியில் இரண்டறை வாடகை வீடு பார்த்திருக்கிறோம். அங்கே பாதிச் சாமான்கூடக் கொள்ளாது. மிச்சத்தை இந்த வீட்டிலேயே ஓர் அறையில் அடுக்கிப் பூட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். அண்ணாவின் பெட்டிகளும் லண்டன் அக்காவின் பெட்டிகளும் இங்கேதான் கிடக்கின்றன. அம்மாவோ ஒரு சிரட்டையைக்கூட எறிய விடமாட்டேன் என்கிறார். கேட்டால், தொண்ணூற்றைந்தில் போட்டுவிட்டு ஓடியது போதாதா என்று அழுகிறார். எதை எப்படிக் கட்டுவது, எங்கே வைப்பது?
கொக்குவில் வாசகி

பதில்: அன்பான தங்கச்சி,

சாமானுக்கு முன் மேசனைப் பற்றிப் பேசுவோம். ஐப்பசியில் யாராவது ஓடு பிரிப்பார்களா? யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நேரம் தறப்பாளை நம்பிக் கூரையைத் திறப்பது வீண் வேலை. மழைக்காலத்தில் மேசன்மாருக்கு வேலை குறைவு, அதனால்தான் அவசரப்படுத்துகிறார்போலும். தைப்பொங்கல் முடியட்டும் என்று சொல்லிவிடுங்கள். மார்கழியில் வீடு மாற அம்மாவும் சம்மதிக்க மாட்டார். தையில் தொடங்கினால் மாசி, பங்குனி, சித்திரை வெயில் முழுவதும் புதுச் சுவருக்கும் மரத்துக்கும் கிடைக்கும். சாமானைப் பிரித்துப் பார்க்க உங்களுக்கும் நாள் கிடைக்கும். அவசரத்தில் கட்டினால் குப்பையும் கூறைச் சேலையும் ஒரே பெட்டிக்குள்தான் போகும்.

அடுத்தது பூட்டிய அறை. இதில் உங்கள் கணவரோடு எனக்கு உடன்பாடில்லை. வேலை நடக்கும் வீட்டில் சீமெந்துத் தூசு புகாத அறை கிடையாது. ஜன்னல் சாத்தி, ஆள் நடமாட்டமில்லாமல் கிடக்கும் அறையைக் கறையானும் எலியும்தான் முதலில் கண்டுபிடிக்கும். அதிலும் கறையான் சத்தமில்லாமல் வேலை செய்யும். சுவரின் அடியில் பென்சில் தடிப்பில் ஒரு மண்கோடு ஏறியிருக்கும். அலுமாரியின் முகப்பைப் பார்த்தால் பளபளவென்று நிற்கும், பின்பலகையில் விரலை வைத்தால் உள்ளே போய்விடும். ஆட்கள் புழங்குகிற வீட்டில் அந்த மண்கோட்டை ஒரு கிழமைக்குள் யாராவது கண்டு தட்டிவிடுவார்கள். பூட்டிய அறையில் யார் பார்ப்பது?

அதனால் என் யோசனை இதுதான்: பெரிய சாமான்களை அடைத்து வைக்காதீர்கள், பாவிக்கக் கொடுங்கள். சாப்பாட்டு மேசை, கட்டில், சாய்மனைக் கதிரை, அலுமாரி எல்லாவற்றுக்கும் உங்கள் உறவுக்குள்ளேயே ஓர் இடம் இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்து அறை வெறுமையாகக் கிடக்கிற ஒரு மாமி இருப்பார். பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட அறை எடுத்துப் பாயில் படுக்கிற ஒரு மருமகன் இருப்பான். கொடுக்கும்போது கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: இது இரவல், வீட்டு வேலை முடிந்ததும் வந்து எடுப்போம். போனில் நாலு பக்கமும் படம் எடுத்து, யாரிடம் எது என்று ஒரு கொப்பியில் எழுதி, அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அவருக்கே அனுப்புங்கள். ஒரு கீறலோ கறையோ வரத்தான் செய்யும். அதைப் பொறுக்க முடியாத சாமான் என்றால் கொடுக்க வேண்டாம். ஆனால் என்னைக் கேட்டால், கறையானைவிட மாமியின் பேரப்பிள்ளை பரவாயில்லை.

அண்ணா, அக்கா பெட்டிகளுக்கு வருவோம். ரொறன்ரோவில் சாமான் வைக்க இடம் வேண்டுமென்றால் மாத வாடகைக்கு அறை எடுக்க வேண்டும். உங்கள் வீடும் அவர்களுக்கு அப்படி ஓர் அறைதான், வாடகை மட்டும் இல்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பெட்டிகளைத் திறந்து காட்டுவேன், எதை வைப்பது, யாருக்குக் கொடுப்பது என்று விளக்கீட்டுக்கு முன் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நானே முடிவெடுப்பேன். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து நின்றபோதுகூடத் திறந்து பார்க்காத பெட்டி என்றால் அதற்குள் அவசியமான சாமான் எதுவும் இல்லை. கடிதம், படம், பரிசுப் புத்தகம் வேறு விஷயம். அவற்றை ஆளுக்கொரு சின்னப் பெட்டியில் வையுங்கள்.

அந்தப் பெட்டிகளிலோ பரணிலோ பழைய சஞ்சிகை, கோயில் மலர், பாடசாலை மலர், ஓலைச்சுவடி ஏதும் அகப்பட்டால் பழைய பேப்பர் எடுப்பவருக்குப் போட்டுவிடாதீர்கள். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்துவரும் நூலகம் நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த ஊர் இது. உங்களிடம் இருக்கும் கோயில் மலர் வேறு யாரிடமும் இல்லாமல் இருக்கலாம்.

இனி அம்மா. 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது மழையில் நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்தில் அவரும் ஒருவர் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு சித்திரையில் திரும்பியவர்களில் எத்தனையோ பேருக்கு மிஞ்சியது சுவர் மட்டும்தான். அப்படித் திரும்பிய ஒருவர் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்த வீட்டில், "இது எதுக்கம்மா, எறியுங்கோ" என்று பிள்ளை சொன்னால் காதில் எப்படி விழும்? அவரோடு வாதாட வேண்டாம். நல்ல தகரப் பெட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்து, இதற்குள் என்ன வைத்தாலும் ஒருவரும் கேட்க மாட்டோம், திறப்பும் உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அந்தப் பெட்டி எங்கேயும் இரவல் போகக் கூடாது, வாடகை வீட்டில் அவருடைய கட்டிலுக்குக் கீழே இருக்க வேண்டும். மிச்சச் சாமான் வெளியே போகும்போது அவர் கையாலேயே போகட்டும். எறிவதற்கு மனம் வராதவர்கள் கொடுப்பதற்குத் தயங்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடம், தெரிந்தவருக்கு இடியப்பத் தட்டு என்று ஆளைச் சொல்லிக் கேளுங்கள். சிரட்டையை ஊருக்குள் விறகடுப்பு எரிக்கும் யாராவது சாக்கோடு தூக்கிக்கொண்டு போவார்கள்.

பித்தளைச் சாமானில் மட்டும் கொஞ்சம் கவனம். வீடு மாறும் வாசனை எப்படித்தான் தெரியுமோ, பழைய இரும்பு பித்தளைக்காரர் அந்தக் கிழமை படலையடியில் நிற்பார். கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிறகு அப்படி ஒரு சருவக்குடம் கடையில் கிடைக்காது.

கட்டும் வேலைக்கு வருவோம். கடையில் கேட்டு வாங்கும் காட்போட் பெட்டிகள் வீடு மாறும் அன்றைக்கு மட்டும். அவற்றின் மடிப்பில் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கும், முதல்நாள் வெயிலில் விரித்துப் போட்டுத் தட்டி எடுங்கள். மாதக்கணக்கில் வைப்பதற்கு அவை உதவாது, கறையானுக்கு அது சாப்பாடு. தகரப் பெட்டியும் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியும்தான் நல்லது. கழுவிக் காயவைத்த உரப்பையில் பானை சட்டி போடலாம், உடுப்பு போடக் கூடாது.

சேலைக்குத்தான் அதிக கவனம் வேண்டும். கஞ்சி போட்ட துணியைப் பூச்சி தேடி வரும், ஆகவே கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகே மடியுங்கள். வெயில் சூட்டோடு பெட்டியில் போட்டு மூடினால் உள்ளே வேர்க்கும். கூறைச் சேலையையும் சரிகைச் சேலைகளையும் பொலித்தீன் பையில் வைக்காதீர்கள், பழைய வெள்ளை வேட்டியைத் துவைத்துக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். நப்தலீன் உருண்டை சரிகையில் படக் கூடாது, சின்னத் துணி முடிச்சாகக் கட்டிப் பெட்டியின் மூலையில் போடுங்கள். ஊசி, பின் எதையும் சேலையில் குத்தி விடாதீர்கள், துருக்கறை போகாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றாவிட்டால் பட்டு மடித்த இடத்திலேயே விட்டுப்போகும். அதனால் சேலைப் பெட்டி உங்களோடு வர வேண்டும்.

குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, கழற்றிய துண்டுகளை ஒரே துணியில் சேர்த்துக் கட்டுங்கள். சாப்பாட்டுக் கோப்பைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் தட்டியில் நிற்பதுபோல் நிறுத்தி, இடையில் துவாயும் சாரமும் செருகினால் உடைவது குறையும். துணி கட்டத் தனிப்பெட்டியும் மிச்சம். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில்தான் போட வேண்டும், பெரிய பெட்டியை நிரப்பினால் தூக்கும்போது அடி கழன்றுவிடும். கட்டிலைக் கழற்றினால் ஆணி, போல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அந்தக் கட்டிற்சட்டத்திலேயே கட்டுங்கள். "பிறகு தேடலாம்" என்று மேசை லாச்சியில் போட்ட போல்ட்டை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

அரிசி, மா, ஒடியல், மிளகாய்த்தூள் ஒன்றையும் சேமிக்க வேண்டாம். மார்கழியிலிருந்தே வாங்குவதைக் குறைத்து இருப்பதைச் சமைத்து முடியுங்கள். எலி சேலைக்காக வருவதில்லை, அரிசிக்காக வந்து சேலையையும் வெட்டும். அம்மி, ஆட்டுக்கல், உரல் அங்கேயே கிடக்கட்டும். ஆனால் உரலைக் கவிழ்த்து வையுங்கள். வளவில் தண்ணீர் தேங்கும் எதுவும் இருக்கக் கூடாது, பீப்பா, பூச்சாடி, பெயின்ட் வாளி உட்பட. மார்கழி, தை டெங்கு காலம், ஆளில்லாத வளவில் நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மேசனைத் தேட மாட்டார், வீட்டுக்காரரைத்தான் நீதிமன்றத்துக்குக் கூப்பிடுவார்.

பிரிட்ஜை முதல்நாளே நிறுத்தி, ஐஸ் உருகத் துடைத்து, நிமிர்த்தியபடி கொண்டுபோய், இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டுப் போடுங்கள். பாவிக்காமல் வைப்பதென்றால் கதவு முழுக்க மூடாதபடி துணி ஒன்றைச் செருகுங்கள். காஸ் சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும், பூட்டிய அறைக்குள் வைக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது அந்த வீட்டில் நின்றுதான் ஆக வேண்டும் என்றால், கூரை வேலை இல்லாத பக்கத்து அறையில், கல்லின் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் ஆள் புகுந்து பார்க்கும் இடைவெளி விட்டு அடுக்குங்கள். கிழமைக்கு ஒருமுறை உங்கள் கணவர் ரோர்ச் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரடியையும் கல்லையும் பார்க்கட்டும். அறையை அவர்தானே கேட்டார்.

காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப்பத்திரங்கள், வங்கிப் புத்தகம், நகை எதுவும் சாமான் ஏற்றும் பட்டா லொறியிலோ லாண்ட்மாஸ்டரிலோ ஏறக் கூடாது. அவை உங்கள் கைப்பையில், உங்கள் மடியில் வர வேண்டும். முதல் இரவுக்கு வேண்டியதையும் தனிப் பையில் வையுங்கள்: அம்மாவின் மருந்து, ரோர்ச், கேத்தில், தேயிலை, சீனி, பால் காய்ச்சும் சட்டி, நுளம்புவலை, ஒரு கத்தி. கத்தியைப் பெட்டிக்குள் கட்டிவிட்டால் பெட்டியைத் திறக்கப் பல்லைத்தான் பாவிக்க வேண்டி வரும்.

திரும்பி வரும்போது ஒன்று. புதுச் சாந்து பூசிய சுவர் மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே கிழமைக்கணக்கில் ஈரம் இருக்கும். குடிபூரலுக்கு நல்லநாள் வந்துவிட்டது என்று அலுமாரியைக் கொண்டுவந்து சுவரோடு ஒட்டி நிறுத்தினால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். பால் காய்ச்சி, ஐயரைக் கூப்பிட்டு, வீட்டுக்குள் போங்கள். அலுமாரி இன்னும் ஒரு மாதம் மாமி வீட்டிலேயே நிற்கட்டும்.