நஞ்சு படிக்க எந்தத் துறை?

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் கீழக்கரைப் பக்கம். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வாப்பா கடலுக்குப் போகிறவர். நஞ்சியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. ஆனால் 'வேதியியலா, விலங்கியலா, மருத்துவமா என்று முதலில் முடிவு செய். எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் ஆழம் இருக்காது' என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள மாணவிக்கு,

ஆழம் வேண்டும் என்பது சரி. அதற்காக ஒரே அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் இந்தப் படிப்பு கைக்கு வராது.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பூங்கோரை என்று நம் பக்கம் சொல்வார்கள். செத்த மீனைப் பார்த்ததும் ரசாயனமோ விஷமோ கலந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். வேதியியல் மட்டும் தெரிந்தவர் மீனின் ஈரலை அரைத்து நஞ்சைத் தேடிக்கொண்டே இருப்பார். அங்கே பெருகியது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். அது மடிந்து அழுகியபோது தண்ணீரில் ஆக்சிஜன் சரிந்தது. மீனோடு பவளப்பாறைகளும் செத்தன.

இதைக் கண்டுபிடிக்க நேரம் பார்த்துப் போகவேண்டும். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது, மூச்சு மட்டும் நடக்கும். ஆகவே பற்றாக்குறை நன்றாகத் தெரிவது விடியும் முன் எடுத்த நீரில்தான். குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, படகிலேயே மாங்கனீசு உப்புக் கரைசலையும் காரம் சேர்ந்த அயோடைடையும் விடவேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். 1888இல் வின்க்ளர் என்ற வேதியியலாளர் சொன்ன முறை, இன்றைக்கும் நம்பலாம். சாவகாசமாக மத்தியானம் போய் அள்ளிவந்த நீர் இந்த உண்மையைச் சொல்லாமலே போகலாம். 'இது நஞ்சு இல்லை' என்று ஆதாரத்தோடு சொல்லத் தெரிவதும் நஞ்சியல்தான். அதற்குக் கடலியலும் நுண்ணோக்கியும் வேதியியலும் ஒரே ஆளிடம் கொஞ்சமாவது இருக்கவேண்டும்.

உடலை ஊதிப் பெரிதாக்கும் பேத்தை மீனையும் பாருங்கள். அதிலுள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள் என்று காட்ட நுண்ணுயிரியல் வேண்டியிருந்தது. அது நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை அடைக்கிறது என்று காட்ட உடலியங்கியல் வேண்டியிருந்தது. முறிவு மருந்து கிடையாது, சமைத்தாலும் அழியாது. மூச்சு நின்றவருக்குக் கருவியால் மூச்சு கொடுத்துத் தாக்குப்பிடிக்க வைக்கவேண்டும். அது மருத்துவரின் வேலை.

இந்தக் கரையில் எனக்கு மிகவும் கவலை தருவது கடல் பாம்பு. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இவற்றின் நஞ்சைக் கொண்டு தயாராவது. கடல் பாம்பு அதில் இல்லை. கடிபட்டவருக்குத் தசை சிதையும், சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் கெடும். வலையிலிருந்து மீனைப் பிரிக்கிற கைக்குத்தான் இந்த ஆபத்து. இதில் வேலை செய்ய ஆள் வேண்டும், அதுவும் நம் கரையிலிருந்தே வேண்டும். புரதத்தைப் பிரிக்கத் தெரிந்த நீங்கள், வலை இழுக்கிறவரிடமும் சிகிச்சை தருகிற மருத்துவரிடமும் உட்கார்ந்து கேட்கவும் தெரிந்தவராக இருந்தால் அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் உயிர்வேதியியலை விடாதீர்கள். அதுதான் உங்கள் தரை. நெட் தேர்வையும் லைஃப் சயின்சஸில் எழுதுங்கள். வெளிநாட்டு நஞ்சியல் திட்டங்கள் பலவற்றில் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் மாறி மாறி வேலை செய்துவிட்டுத்தான் வழிகாட்டியைத் தேர்வார்கள். இங்கே அந்த வசதி குறைவு, நீங்களே கேட்டு வாங்கவேண்டும். லக்னோவின் நஞ்சியல் ஆய்வு நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள நிறுவனத்தின் மையம் இருக்கிறது, தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. அங்கேயும் போய்ப் பேசுங்கள்.

வழிகாட்டியாக வரப்போகிறவரிடம் சேரும் முன்பே இரண்டு விஷயம் கேளுங்கள். வேறு துறையிலிருந்து ஒரு இணை வழிகாட்டியை வைத்துக்கொள்ளலாமா? மாதிரி எடுக்க என்னையே கடலுக்கு அனுப்புவீர்களா? இரண்டுக்கும் தயங்கினால் வேறு ஆய்வகம் பாருங்கள். அப்புறம், புள்ளியியலை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.