குளிரிலிருந்து வந்த துப்பாக்கியில் துரு: உறையை உடனே திறக்காதீர்கள்

வீட்டுக்குள் வந்ததும் உறையைத் திறப்பதுதான் தவறு. மூடியபடியே மூன்று நான்கு மணி நேரம் பூட்டிய பெட்டியில் விட்டுவிடுங்கள். தோட்டா இல்லை என்பதை மட்டும் வெளியிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத் தளியில் மார்கழி இரவுக் காவல் முடிந்து, அடுப்பெரியும் வீட்டுக்குள் வந்தவுடன் துடைத்து எண்ணெய் பூசியும் குழலில் செம்புள்ளி வருகிறது என்கிறீர்கள். துடைத்த பிறகும் இரும்பு குளிர்ந்தே இருக்கிறது. சோறு கொதிக்கும் வீட்டின் ஈரக்காற்று அதன்மேல் மறுபடி வேர்க்கிறது. நீங்கள் பூசும் எண்ணெய் அந்த நீரின் மேல்தான் நிற்கிறது.

சந்தேகமிருந்தால் இரண்டு கரண்டிகளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஒன்றை அங்கேயே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, இரண்டையும் அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள். வெறும் கரண்டியைத் துடைத்தாலும் மீண்டும் மங்கும். மற்றதில் பைக்கு வெளியே மட்டுமே ஈரம் படியும்.

இரும்பு அறைச்சூட்டுக்கு வந்ததும் உறையை நீக்கி, குழலின் உட்புறம் உட்படத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். அதிகம் ஊற்றினால் மரக்கட்டைக்குள் இறங்கி அதைக் கெடுக்கும். எண்ணெய் பூசியபின் மீண்டும் தோல் உறையிலேயே வைத்துவிடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

ஒன்று: உங்களுடையது உரிமம் பெற்ற, கருமருந்து கெட்டிக்கும் பழைய வகையென்றால் இது மட்டும் போதாது. சுட்டபின் தங்கும் கசடு தானே ஈரத்தை இழுக்கும். அன்றே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். குழலுக்குள் குழி விழுந்திருந்தால் சுடாதீர்கள், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.