மேட்ச் தொடங்குறதுக்கு முன்னாடி மௌன அஞ்சலி எதுக்கு?

மௌன அஞ்சலினா பெருசா ஒண்ணுமில்ல, விபத்துலயோ வேற விதமாவோ செத்துப்போனவங்களுக்காக ரெண்டு டீமும் கேலரியில இருக்கவங்களும் ஒரு நிமிஷம் பேசாம நிக்கிறது, அவ்ளோதான். நம்ம ஊர்ல எழவு கேக்கப் போனா பேசவா செய்றோம், கையைப் புடிச்சிட்டு சும்மா உக்காந்துட்டு வருவோம்ல, அதேதான் இது, ஆளுங்க மட்டும் அம்பதாயிரம் பேரு.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்துல ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல லிவர்பூல் ஃபுட்பால் டீம் ஆடின எஃப்ஏ கப் (அந்த ஊரு பெரிய ஃபுட்பால் கோப்பை) செமி ஃபைனல்ல கூட்டம் நெரிஞ்சு 97 பேர் செத்துப்போனாங்க, அதுல சிலர் அந்தக் காயத்தால பல வருஷம் கழிச்சு. மதியம் 3 மணிக்கு ஆரம்பிச்ச மேட்சை 3.06க்கே நிறுத்துனாங்க. நாலே நாள் கழிச்சு இத்தாலியில மிலன், ரியல் மாட்ரிட்னு வேற ரெண்டு டீமோட மேட்ச், ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ரெஃப்ரி விசில் ஊதி நிறுத்துறாரு, அமைதி, அப்புறம் மிலன் ரசிகர்கள் லிவர்பூல்காரங்க பாட்டை அவங்களே பாடுறாங்க! சம்பந்தமே இல்லாத ஊரு பாருங்க. 2014ல 25 வருஷம் ஆனப்ப இங்கிலாந்துல அந்த வாரம் மேட்ச் எல்லாமே 7 நிமிஷம் லேட்டாதான் ஆரம்பிச்சாங்க, அன்னைக்கு ஆடின அந்த 6 நிமிஷமும், மௌன அஞ்சலிக்கு 1 நிமிஷமும்.

காரணம் என்னன்னா, ஸ்டேடியத்துக்கு வந்து செத்தவங்களும் நம்மள மாதிரி டிக்கெட் எடுத்து வந்தவங்கதானே, அந்த இடத்துல நாமளும் இருந்திருக்கலாம்ங்கிற உறுத்தல்தான்.

அப்புறம் ப்ளேயர்ஸ் கையில கறுப்புப் பட்டையைப் பாத்தா நம்ம ஊரு கறுப்பு பேட்ஜ் போராட்டம் மாதிரினு சிலர் நினைக்கிறாங்க, இல்லைங்க, பெரும்பாலும் அது துக்கத்துக்குக் கட்டுறதுதான்.