ஏரி என்று தேடுவதா, குளம் என்று தேடுவதா?

இணையத்தில் தேடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கல்லூரி நூலகராக 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர் பதில் தருகிறார்.

கூகுளில் ஒரு சொல்லைத் தட்டியதும் ஒரு நொடிக்குள் உலகம் முழுக்கத் தேடிவிடுகிறதே, எப்படி?
(பத்தாம் வகுப்பு மாணவன், கோவில்பட்டி)

தம்பி, நீ தட்டிய பிறகு அது உலகம் சுற்றப் போவதில்லை. முன்பே சுற்றிவந்து குறிப்பெடுத்து வைத்திருக்கிறது. க்ராலர் என்ற நிரல்கள் ஒரு பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கம், அங்கிருந்து அடுத்தது என்று இரவு பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். படித்த பக்கங்களை வைத்து ஒரு சொல்லடைவு தயாராகும். கனமான புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அச்சிட்டிருப்பார்களே, அதே சங்கதிதான்.

ஒரு தாளில் எழுதிப் பார். குளம்: 3, 8, 15, 40. மடை: 8, 22, 40. இப்போது 'குளம் மடை' என்று ஒருவர் கேட்டால் இரண்டு வரிசையிலும் இருக்கும் 8, 40 இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிடலாம். மற்ற பக்கங்களைப் புரட்டவே வேண்டாம். வேகத்தின் அடிப்படை இதுதான்.

சரி, 8 முதலிலா, 40 முதலிலா? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, அப்படிக் கொடுக்கும் பக்கங்களுக்கே எவ்வளவு மதிப்பு என்று கணக்கிட்டார்கள். அதற்குப் பெயர் பேஜ்ரேங்க். 1998இல் கூகுள் நிறுவனம் தொடங்கியது இந்தக் கணக்கை வைத்துத்தான். இப்போது அதோடு வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன.

நானும் என் தோழியும் ஒரே சொல்லைத் தேடினோம். விடைகள் வேறு வேறாக வந்தன. ஏன்?
(வாசகி, விருதுநகர்)

நீங்கள் இருக்கும் ஊர், போனில் வைத்திருக்கும் மொழி, முன்பு தேடியவை என்று பலவற்றையும் பார்த்துத்தான் வரிசை அமைகிறது. அதனால் எனக்கு முதலில் வந்தது உங்களுக்கு மூன்றாம் பக்கத்தில் கிடக்கலாம். ஆய்வுக்காகத் தேடுபவர்கள், தேடிய சொல்லையும் தேதியையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

எங்கள் வட்டாரத்துப் பழைய நீர்நிலைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 'ஏரி' என்று தேடினால் சென்னைப் பக்கத்து ஏரிகளே வருகின்றன. எங்கள் ஊர் பற்றி ஒன்றுமே இல்லையா?
(ஆய்வு மாணவி, சங்கரன்கோவில்)

இருக்கிறது அம்மா. கேட்கும் சொல்தான் மாற வேண்டும். உங்கள் ஊரில் யார் ஏரி என்கிறார்கள்? குளம் என்பார்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய். வடக்கே போனால் ஏரி. தண்ணீர் திறந்துவிடும் வாய் சில ஊரில் மதகு, சில ஊரில் மடை. கல்வெட்டுகளுக்குள் போனால் தூம்பு, குமிழி. தேடுபொறி இவற்றை எப்போதும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதில்லை. நமக்குத் தோன்றும் சொல்லைப் போடாமல், அந்தப் பக்கத்தை எழுதியவர் என்ன சொல் போட்டிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இதை என் நூலக மேசைக்கு வந்த ஒவ்வொரு மாணவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆங்கிலப் பதிவுகளிலும் இதே கதைதான். வெள்ளைக்கார அதிகாரிகள் நம் குளத்தை லேக் என்று எழுதவில்லை, டேங்க் என்றுதான் எழுதினார்கள். திருநெல்வேலியை டின்னவேலி (Tinnevelly) என்றும், உங்கள் ஊரைச் சங்கரநயினார்கோவில் என்றும் எழுதினார்கள். ஊரார் சேர்ந்து குளத்தைப் பராமரிக்கும் குடிமராமத்தை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தார்கள். அந்தப் பழைய எழுத்துக்கூட்டலில் தேடினால் 1879இல் ஸ்டூவர்ட் எழுதிய டின்னவேலி மாவட்டக் கையேடு, 1917இல் வந்த பேட் அவர்களின் கெசட்டியர் (மாவட்ட விவர நூல்) இரண்டையும் எட்டிவிடலாம். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் தொடங்குங்கள்.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட் வருவதற்கு முன் தட்டச்சு செய்த பல கோப்புகளில் திரையில் 'குளம்' என்று தெரியும். உள்ளே இருப்பதோ வேறு எழுத்துகள். தேடுபொறியின் கண்ணுக்கு அது குளம் இல்லை. படமாக எடுத்து வைத்த பழைய புத்தகங்களும் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றைத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் வைத்துத்தான் பிடிக்க முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கு நேரே போய்த் தலைப்புகளைப் புரட்டுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். பல்கலைக்கழகங்களுக்கு வந்த ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது. அப்புறம், ஒரு தொடர் அப்படியே வேண்டுமென்றால் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி.

தேடியதும் மேலேயே ஏஐ ஒரு சுருக்கம் தருகிறது. அதை மாணவர்களுக்கு அப்படியே சொல்லித் தரலாமா?
(ஆசிரியர், தேனி)

வேண்டாம் ஐயா. அதோடு இணைப்புகள் இருக்கும். அவற்றைத் திறந்து, அந்தச் செய்தி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா, அதை எழுதியவருக்கு எப்படித் தெரியும் என்று பார்த்த பிறகு சொல்லுங்கள். பத்துப் பக்கம் ஒரே விஷயத்தைச் சொன்னால் பத்துச் சாட்சி என்று நினைக்க வேண்டாம்.

பணியில் இருந்த கடைசி வருஷம் ஒரு மாணவி தன் ஊர்த் தெப்பக்குளம் எப்போது கட்டப்பட்டது என்று கேட்டு வந்தாள். ஏழு தளங்களில் ஒரே ஆண்டு இருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். ஏழிலும் 'கட்டபட்டது' என்று இருந்தது. ப் விட்டுப்போன அதே பிழை, ஏழு இடத்திலும். பழைய பக்கம் எதுவென்று தேடிப்போனோம். ஒரு திருவிழா மலரைத் தட்டச்சு செய்து ஏற்றியிருந்தார்கள். அதில் அந்த ஆண்டுக்குப் பக்கத்தில் 'என்று பெரியவர்கள் சொல்வார்கள்' என்று இருந்தது. மற்ற ஆறு பேரும் பிழையை அப்படியே எடுத்துக்கொண்டு அந்த மூன்று சொல்லை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அவள் தன் கட்டுரையில் அந்த மூன்று சொல்லையும் திரும்பச் சேர்த்து எழுதினாள்.